ம் கொட்ட ஓர் ஆள்

அவரோடு பேசுவது சுலபம். வாயே திறக்க வேண்டாம். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு 'ம்' கொட்டினால் போதும். கலிபோர்னியாவின் லிவர்மோரில், அவர் காரில் ஆரம்பித்த கதை மலையேறி இறங்கி ஆபீஸ் பார்க்கிங்கில் வந்து நிற்கும். அந்த 'ம்' வரவில்லை என்றால் மனிதர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். கோபமெல்லாம் கிடையாது. மீதி வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார்.

முதல் நாளே எனக்கு இது நடந்தது. என் வீட்டுக்காரருக்கு லிவர்மோரில் வேலை, எனக்கு மலைக்கு அந்தப் பக்கம், சான் ஹோசேக்குப் பக்கத்தில். என் ஆபீசிலேயே வேலை பார்த்த இவரும் லிவர்மோரில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். கார்பூல் லேனில் போக இரண்டு தலை வேண்டும் என்பதால் ஒரே காரில் போவதாக ஏற்பாடு. அவர் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். நான் குழந்தையின் டேகேரிலிருந்து வந்த மெசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுனோல் மேட்டில் ஏறும்போது திடீரென்று பேச்சு நின்றது.

"ஏனுங்க அம்மிணி, இருக்கீங்களா?"

"பக்கத்துலதானே சார் உக்காந்திருக்கேன்? எங்க போயிடப் போறேன்?"

"உக்காந்திருக்கீங்க, அது தெரியுதுங்க. கேக்கறீங்களான்னு தெரியோணுமில்லீங்களா?"

அமெரிக்காவில் சி.இ.ஓ.வைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். இவரைக் கூப்பிட வாய் வரவில்லை. எனக்கு முப்பத்திரண்டு, அவருக்கு ஐம்பது. 'சார்' என்றே வைத்துக்கொண்டேன். அவர் ஈரோட்டுப் பக்கம், கோபி. பெரம்பூரில் வளர்ந்த எனக்கு, என்னைப் போன்ற சின்னவளுக்குக்கூட வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடும் ஆளை முதலில் நம்பவே முடியவில்லை, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். ஆக வேண்டிய காரியம் அந்த ஒரு எழுத்துதான் என்று பிறகு புரிந்தது.

எங்கள் இருவருக்கும் பேச்சைச் சுருக்கும் தொழில். இணையத்தில் போன் பேசுகிறீர்கள் அல்லவா, அதில் உங்கள் குரல் அப்படியே போவதில்லை. விநாடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் காதுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்து, தேவையானதை மட்டும் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறோம். அந்தப் பக்கத்துப் போன் பொட்டலத்தைப் பிரித்துத் திரும்பவும் குரலாக்குகிறது. வழியில் சில பொட்டலங்கள் தொலைந்துபோகும். தொலைந்த துண்டு எப்படி இருந்திருக்கும் என்று முன்னால் வந்ததை வைத்து ஊகித்து ஓட்டையை அடைப்பது அவருடைய வேலை. "நீங்க பேசாததைக்கூட உங்க குரல்லயே பேச வெச்சிருவேனுங்க" என்பார். உண்மைதான். அவர் அடைத்த ஓட்டையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒன்று மட்டும் அவருக்குப் பிடிக்காது. ஒருவர் பேசாமல் இருக்கும்போது நாங்கள் எதையும் அனுப்புவதில்லை. அதில்தான் பெரிய சிக்கனம். ஆனால் காதில் முழு நிசப்தம் விழுந்தால் லைன் போய்விட்டது என்று மக்கள் 'ஹலோ ஹலோ' என்று கத்துவார்கள். அதனால் கேட்பவரின் போனே 'ஸ்ஸ்' என்று மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தானாகப் போட்டுக்கொள்ளும். அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்ற நினைப்புக்காக. "இது ஏமாத்து வேலைங்க" என்பார். உலகம் முழுக்க அப்படித்தான் சார் செய்கிறார்கள் என்றால், "செய்யட்டுமுங்க, ஏமாத்து வேலைதான்" என்பார்.

மீட்டிங்குகளில் அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் மரியாதையாகக் கேட்பது என்றால் வாயை மூடிக்கொண்டு கண்ணைப் பார்ப்பார்கள். பதினைந்து பேர் அப்படிப் பார்த்தால் இவருக்குப் பேச்சு வராது. ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும், இவர் நின்றுகொண்டிருப்பார். ஒரு தடவை மானேஜர் உடம்பு சரியில்லையா என்று தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதற்குப் பிறகு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து 'ம்' போட ஆரம்பித்தேன். பேச்சு தடதடவென்று ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனத்துப் பெண் எனக்குத் தொண்டை சரியில்லை என்று நினைத்து இருமல் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அந்த மீட்டிங்குகளுக்கு வருவதற்கு முன்பே அவருடைய வருடாந்தர மதிப்பீட்டில், ஆரம்பித்ததை முடிப்பதில்லை என்று எழுதி வைத்துவிட்டார்கள். அவர் அதை எனக்குச் சிரித்துக்கொண்டே காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் 'ம்' எல்லாம் நல்ல 'ம்' என்று சொல்லமாட்டேன். தூக்கக் கலக்கத்தில், சமையல் யோசனையில், மாமியார் வருகிற கவலையில் என் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே வருவேன். அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"அப்பறம் நம்ம மானேஜர் வேட்டி கட்டிட்டு வந்தாருங்க."

"ம்."

"கட்டிட்டு வந்து பொங்கல் வெச்சாருங்க."

"ம்... சார்!"

அன்று மலை இறங்கும்வரை சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர் மனைவியும் மகளும் டெக்சாஸில், ஆலனில் இருந்தார்கள். மனைவிக்கு அங்கே நல்ல வேலை, மகளுக்கு நல்ல பள்ளிக்கூடம், சொந்த வீடு. இவருக்கு இங்கேதான் வேலை. மாதம் ஒரு முறை போய் வருவார். தினமும் பேசுவார்கள், பேச்சென்று பெயருக்குத்தான். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படியில் வைத்துவிடுவார். மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் இங்கிலீஷில் வரும், அதுவும் கடைசியில் ஒரே ஒரு 'ஓகே அப்பா'. "கேக்கறாளுங்க. நல்ல புள்ளைதானுங்க. ஆனா நடுவுல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. எனக்குச் செவுத்துகிட்டப் பேசற மாதிரி ஆயிருதுங்க" என்றார் ஒரு முறை. நான் ம் என்றேன்.

லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்தேன். சாப்பாட்டு ஹாலில், தன் மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் எதிரில் உட்கார்ந்திருந்தார். புளியோதரை ஆறிப்போய்த் தட்டில் கிடந்தது. அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அந்த அம்மாள் 'ம்', 'ம்ம்', 'அட' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாளுக்கும் பொழுது போகாத ஊர்தானே இது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்து, "இன்னைக்கு முழுசாப் பேசிட்டனுங்க" என்றார். பரீட்சை எழுதி முடித்த பையன் முகம்.

இந்தப் பழக்கம் அவருக்கு அக்காவிடமிருந்து வந்தது. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காதான் வளர்த்தார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம்பி பாடத்தைச் சத்தமாகப் படிக்க, அக்கா வேலை செய்துகொண்டே 'ம்' போடுவார். தப்பாகப் படித்தால் அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியாதுங்க. ஆனா நான் புரியாமப் படிச்சா அக்காவோட ம் மாறிரும்" என்றார்.

நான் சொல்லும் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அந்த அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. இவர் ஓடினார், மூன்று வாரம் இருந்தார், திரும்பி வந்தார். அக்காவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது 'ம்' ஒன்றுதான். "அது போதுமுங்க" என்று அவர் சொன்னபோது அது ஆறுதலுக்குச் சொன்ன பேச்சில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் ஏழு மணிக்கு, கார் கிளம்பியதும், அக்காவைக் கூப்பிடுவார். அங்கே ராத்திரி. அக்கா மகன் போனை எடுத்து, "மாமா, அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்று சொல்லிக் கட்டிலில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விடுவான். எங்கள் கம்பெனியின் சோதனை ஆப்பை அவனுடைய போனில் இவரே போட்டுக் கொடுத்திருந்தார். "எங்கூர் டவருக்குத் தாக்குப்புடிச்சா எங்கயும் தாக்குப்புடிக்குமுங்க." கார் ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டு வருவேன். நேற்று என்ன சமைத்தார், மகள் என்ன மார்க் வாங்கினாள், மலையில் புல் பச்சையாகிவிட்டது, பக்கத்தில் இருக்கிற அம்மிணி இன்றைக்கும் தூங்கி வழிகிறாள். எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து, மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில், மெதுவாக ஒரு 'ம்' வரும். அந்த இரண்டு மாதம் எனக்கு வேலை மிச்சம். ஜன்னலில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். எது பேச்சு, எது வெறும் சத்தம் என்று பிரிக்கும் வடிகட்டியைத் திருத்த வேண்டும். மின்விசிறி, ஏ.சி., ஜெனரேட்டர் என்று வெப்ப நாட்டு வீடுகளின் இரைச்சல் எல்லாம் பேச்சென்று நினைத்து அனுப்பப்படுகிறது, வீண் செலவு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஒலித் துண்டுகளைச் சேகரித்தோம். ஒவ்வொன்றையும் கேட்டு 'பேச்சு', 'சத்தம்' என்று குறிக்க இரண்டு கல்லூரி மாணவர்களை வைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு மூக்கால் வருகிற மெல்லிய முனகல்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை எதில் சேர்ப்பது என்று அவர்கள் கேட்டார்கள். கேட்டால் மின்விசிறி உறுமல் மாதிரியே இருந்தது. அதில் தகவல் ஒன்றும் இல்லை, சத்தம் என்று போடுங்கள் என்றேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் 'ம்' போட்டே பிழைப்பு நடத்திய நான்தான் அப்படிச் சொன்னேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

அந்த மாற்றத்துக்கு அவர்தான் ஒப்புதல் தர வேண்டும். என் மேஜைக்கு வந்தார்.

"துண்டெல்லாம் நீங்க கேட்டுட்டீங்களா அம்மிணி?"

"கேட்டுட்டேன் சார். எல்லாம் கேட்டேன்."

"அப்பச் சரிங்க."

அவர் ஒன்றைக்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை. நான் கேட்டேன் என்றால் கேட்டதாகத்தான் அவருக்கு அர்த்தம். அடுத்த வாரம் புதிய ஆப் சோதனைப் போன்களுக்கெல்லாம் தானாகவே போனது, கோபியில் இருந்த போனுக்கும்.

ஒரு திங்கட்கிழமை அவர் அக்காவிடம் பேச ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் சொன்னார். நிறுத்தினார். ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் வந்தது. மின்விசிறிச் சத்தம்கூட இல்லை, அத்தனை சுத்தம். நான்கூட மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். "அக்கா?" என்றார். "அக்கா, கேக்குதுங்களா?" அக்கா மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் குரல் கணீரென்று வந்தது. "அம்மா எப்பவும் போலத்தான் இருக்காங்க மாமா."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். இன்னொரு முறை வாதம் வந்தால் இருப்பதும் போகலாம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அக்கா 'ம்' சொல்கிறாரா என்று அக்கா மகனிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம். அந்த 'ம்' இல்லாமல் பேசவும் அவருக்குத் தெரியாது. முக்கால் மணி நேரப் பேச்சு பத்து நிமிஷமாகி, பிறகு இரண்டே கேள்வியாகச் சுருங்கியது. "சாப்ட்டீங்களாக்கா? மாத்திரை போட்டீங்களா?" கொஞ்சம் பொறுப்பார். "சரிங்கக்கா, வெச்சர்றேன்." பிறகு மலையைத் தாண்டும்வரை பேச மாட்டார். நான் தூங்குவதை நிறுத்திவிட்டு, சொல்லுங்க சார் என்று கேட்டுப் பார்த்தேன். "ஒண்ணுமில்லீங்க" என்பார். தொலைந்த துண்டை நிரப்ப அவருக்குத் தெரியும். கிளம்பவே கிளம்பாத துண்டை அவர் என்ன செய்வார்? இதெல்லாம் எனக்கும் அப்போது தோன்றவில்லை. மே, ஜூன், ஜூலை மூன்று மாதம் இப்படிப் போனது.

ஆகஸ்டில் ஒரு காலை, பஸ் பிடிப்பவர்கள் கார் நிறுத்தும் பார்க் அண்ட் ரைடில் நான் அவர் காரில் ஏறியபோது அவர் இன்னும் இன்ஜினைப் போடவில்லை. அக்கா மகன் வேறொரு போனில் எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தான். கோபத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறான் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

"பாருங்க மாமா. நீங்க ரெண்டு வார்த்தை பேசிட்டு வெச்சர்றீங்க. அம்மா என்ன பண்றாங்கன்னு பாருங்க."

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அந்த அக்கா. இடது கையில் போன். அதிலிருந்து இவருடைய குரல் வருகிறது. சாப்ட்டீங்களாக்கா? ம். மாத்திரை போட்டீங்களா? ம். சரிங்கக்கா, வெச்சர்றேன். போன் நின்றுவிட்டது. அக்கா அதைக் கீழே வைக்கவில்லை. இருட்டான திரையைப் பார்த்து, இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல, ம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ம்.

அவர் அதை இரண்டு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை ஓடும்போது எனக்குப் புரிந்துவிட்டது. 

"சார். அந்த ஃபில்டர். நான் பண்ணது சார். ம் எல்லாத்தையும் சத்தம்னு போடச் சொன்னேன்."

"இருங்க" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

ஆப்பைத் தொடவில்லை. சாதாரண போன் லைனில் நம்பரைப் போட்டுக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினார். வேலி ஓரம் வரை நடந்து போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். அக்காவிடம் பேசுவதை நான் கேட்க வேண்டாம் என்று அவர் நினைத்தது அன்றுதான் முதல் தடவை. பஸ்கள் வந்து போயின. பத்து மணி மீட்டிங் போனது. வெயில் ஏறியது. அவருடைய கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது, மூன்று மாதக் கதையைச் சொல்லிக்கொண்டு.

திரும்பி வந்து வண்டியை எடுத்தார். சுனோல் மேடு ஏறும்போது கேட்டார்.

"துண்டெல்லாம் கேட்டேன்னு சொன்னீங்களே அம்மிணி?"

"கேட்டேன் சார்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அப்ப ம் கேட்டிருப்பீங்களே."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வெறும் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். 

மறுநாள் என் பெயருக்கு முறைப்படி ஒரு பிழை அறிக்கை பதிவு செய்திருந்தார். பிழையைத் திரும்ப வரவழைப்பது எப்படி என்ற கட்டத்தில் மூன்றே வரி. அக்காவைக் கூப்பிடவும். பேசவும். காத்திருக்கவும். கூடவே ஓர் ஒலிப்பதிவும் இணைத்திருந்தார். அக்கா மகன் போனில் பழைய ஆப்பைப் போடச் சொல்லி, ராத்திரியே பேசிப் பதிவு செய்தது. எங்கள் ஆப் இரண்டு பக்கத்துக் குரலையும், வடிகட்டுவதற்கு முன்பே, அந்தந்தப் போனில் தனித்தனியாகத்தான் பதியும். அக்காவின் பக்கத்தை மட்டும் அனுப்பியிருந்தார். அவருடைய பக்கம் சோதனைக்குத் தேவையில்லை, அது ஒழுங்காகத்தான் போகிறது என்று குறிப்பு. முதல் இரண்டு நிமிஷம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு வாரத்தில் திருத்திவிட்டேன். அனுப்பும் அளவு கூடிவிட்டதே என்று மானேஜர் முகம் சுளித்தார். கூடட்டும் என்று நானும் முதல் தடவையாக மீட்டிங்கில் குரலை உயர்த்தினேன்.

அதற்குப் பிறகும் என்னை ஏற்றிக்கொண்டுதான் போனார். வணக்கம் சொல்வார், டிராபிக்கைப் பற்றிச் சொல்வார். கதை சொல்லவில்லை. அக்டோபரில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். போக வேண்டிய இடம் ஆலன் இல்லையா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கும் அது சரியென்று சொல்லத் தெரியவில்லை, தப்பென்றும் சொல்லத் தெரியவில்லை. ஆலனில் இருந்த அவர் மகள் இப்போது காலேஜ் முடித்திருப்பாள். நான் அவருக்கு ஒரு மெயில்கூடப் போடவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். போன மாதம் பழைய சோதனைக் கோப்புகளைக் கழித்துக்கட்டச் சொன்னார்கள். அந்தப் பதிவு இருந்தது. ஐம்பத்து மூன்று நிமிஷம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டேன்.

மின்விசிறி ஓடுகிறது. எங்கோ ஒரு மாடு. பிறகு 'ம்'. அவர் என்ன சொல்கிறார் என்பது ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனால் எல்லாம் தெரிகிறது. இது மகளைப் பற்றி. இது சமையல், உப்பு கூடிப்போன கதை. இங்கே பொய் சொல்கிறார், உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று, அக்கா நம்பவில்லை. இங்கே அக்கா சிரிக்கிறார். தகவல் ஒன்றும் இல்லை என்று நான் குறிக்கச் சொன்ன சத்தம் இது.

ஐம்பதாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளமான 'ம்' வருகிறது, பெரிதாக எதையோ கேட்டுவிட்டதுபோல. அதன் பிறகு இடைவெளி. அந்தப் பக்கம் அவர் நிறுத்திவிட்டார். மின்விசிறி மட்டும். ம்? என்கிறார் அக்கா. இடைவெளி. ம்? பதில் இல்லை. அவர் அழுகிறார் என்று அக்காவுக்குத் தெரிந்த இடம் எனக்கும் தெரிந்தது. கரகரவென்று ஏதோ உரசும் சத்தம். முதலில் எனக்குப் பிடிபடவில்லை, திரும்ப ஓட்டிக் கேட்டேன். அக்கா போனின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார். அது முடிவு வரைக்கும் வருகிறது. தம்பிக்கு அது கேட்டிருக்காது. பழைய ஆப்பும் அதைச் சத்தம் என்றுதான் கழித்திருக்கும்.